பதினொரு கணக்கும் ஒரு தொலைபேசி இலக்கமும்

என் கடையில் இப்போது வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது என்று கண்டி மஹய்யாவ முழுக்கப் பேச்சு. ஓர் இணையப் பதிவு செய்யப் போனால், கடைசியில் வருகிற அந்தச் சின்னப் பெட்டியில் சரி அடையாளம் போட எனக்கு அரை மணி நேரம் ஆகிறதாம். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். "அண்ணே, கண்ண மூடிக்கிட்டு டிக்கப் போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்கிறார்கள். சிலர் எழுந்து எதிர்ப்பக்கத்துக் கடைக்கே போய்விடுகிறார்கள். போகட்டும். கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்ட காலத்தில் நான் செய்து வைத்த காரியம் அவர்களுக்குத் தெரியாது.

கொமினிகேசன் கடை என்று எங்கள் பக்கம் சொல்வோம். போட்டோக்கொப்பி, லெமினேட், தொலைபேசிக்குக் காசு ஏற்றுகிற ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது என்று எல்லாம் உண்டு. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் கதிரை. மாத்தளை வீதியில் வாகனங்கள் எந்நேரமும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. பிரிண்டர் தாள் தள்ளுகிற அந்த நான்கு விநாடிக்குள் எழுந்து வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு, நாற்பது பக்க நிபந்தனைகளை ஒரே சொடுக்கில் தாண்டுகிற அந்தப் பெட்டி கடவுள் கொடுத்த வரமாக இருந்தது.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். ஊரில் மற்றக் கடைகளிலும் அதே முறைதான். கடைக்கு வருகிறவர்களிடம் மின்னஞ்சல் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்டால் ஒருவருக்கு இருக்காது, இன்னொருவருக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிம்மை மாற்றிவிட்டு, கணக்குத் திறக்கவில்லை என்று என்னிடம் வந்து சத்தம் போடுவார்கள். அதனால் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து நானே புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்துவிடுவேன். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். தொலைபேசி இலக்கம் என்று கேட்கிற இடத்தில் கடையின் இலக்கம். எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். இதில் எனக்குப் பெருமை வேறு. ஊரே என் லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக்கொள்வேன்.

போன வருடம், தூறல் விடாத ஒரு காலையில் அந்தப் பெண் வந்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார். முப்பத்தொரு வயது. சான்றிதழ்களைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, அதை இன்னொரு பைக்குள் வைத்து, அதற்கு மேல் குடையைப் பிடித்து, தான் நனைந்து வந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒன்பது வருடமாக உதவியாளர் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற வேலை. அங்கே பொறுப்பாளராக இருப்பவரை எல்லாரும் 'மிஸ்' என்பார்கள். உதவியாளரை 'ஆயம்மா' என்பார்கள். முப்பத்தொரு வயதில் அவர் ஆயம்மா.

"மிஸ் அடுத்த வருசம் பென்சன்ல போறாங்கண்ணே. அந்த இடத்துக்கு முன்பிள்ளைப் பருவ டிப்ளோமா இருக்கணுமாம். போன்லயே படிக்கிற மாதிரி, தமிழ்ல இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

இருந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் இணையக் கல்வித் தளம். பாடங்கள் தமிழில், படங்கள் அழகாக, விளம்பரத்தில் சிரிக்கிற முகங்கள். நிபந்தனைகள் மட்டும் ஆங்கிலத்தில். அவருடைய விவரங்களைத் தட்டினேன், மின்னஞ்சல் திறந்தேன், கடையின் இலக்கத்தைக் கொடுத்தேன், பெட்டியில் டிக் போட்டேன். மொத்தம் ஆறு நிமிடம். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதே தளத்தில் நான் ஏற்கெனவே பத்துப் பேரைப் பதிந்திருந்தேன். வெளிநாடு போக ஆங்கிலம் படிக்க வந்தவர்கள், முதியோர் பராமரிப்புப் படிக்க வந்தவர்கள். பாதிப் பேர் முதல் வாரத்திலேயே கைவிட்டார்கள், மீதிப் பேர் இரண்டாம் வாரத்தில். இவரையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

ஆனால் இவர் விடவில்லை. அந்தத் தளம் நினைத்த நேரத்தில் வெளியே தள்ளிவிடும். திரும்ப நுழைய ஆறு இலக்க எண் ஒன்று தொலைபேசிக்கு வரும். என் தொலைபேசிக்கு. அவர் அங்கே மலையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற இரண்டு அடி இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அழைப்பார். "அண்ணே, நம்பர் வந்திருச்சா?" நான் எண்ணைச் சொல்வேன். பின்னால் குழந்தைகளின் இரைச்சல் கேட்கும், காற்று கேட்கும். கடையில் கூட்டமாக இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். "கொஞ்சம் இருங்க தங்கச்சி" என்று வைத்துவிட்டு, மறந்தும்போவேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு மறுபடி அழைப்பார். குரலில் ஒரு துளி சினமும் இருக்காது. அந்த எண்ணுக்கு அதற்குள் ஆயுள் முடிந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து.

எட்டு மாதம் இப்படி நடந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் தளம் கேட்ட ஒப்படைகள் எல்லாம் செய்தார். குழந்தைகளுக்குத் தானே கட்டிய பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்து ஏற்றினார். கை கழுவுகிறதுக்கு ஒரு பாட்டு, தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டு. கடைசிப் பரீட்சையில் எண்பத்தேழு எடுத்தார். அன்றைக்கு எண் கேட்டு அழைக்கவில்லை, செய்தி சொல்லத்தான் அழைத்தார். நேர்முகத் தேர்வுக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது. ஆளடையாளம் சரிபார்த்ததும் சான்றிதழ் வரும் என்று தளம் சொல்லியிருந்தது. நான் பெருமையில் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், ஏதோ நானே பரீட்சை எழுதினது மாதிரி.

இரண்டு நாள் கழித்து, ஒரு நிமிடத்துக்குள் பதினொரு குறுஞ்செய்திகள் என் தொலைபேசியில் விழுந்தன. பதினொன்றும் ஒரே செய்தி. நிபந்தனைகளை மீறியதால் உங்கள் கணக்கு மூடப்பட்டுள்ளது. ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருக்கக் கூடாது. பொய்யான விவரம் கொடுத்துத் திறந்த கணக்கில் பெற்ற சான்றிதழ் செல்லாது.

ஒரே தொலைபேசி இலக்கம், ஒரே கணினி, பதினொரு பெயர். அவர்களுடைய இயந்திரம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. மஹய்யாவவில் எவனோ ஒருவன் பதினொரு முகமூடி போட்டுக்கொண்டு ஏமாற்றுகிறான் என்று முடிவுகட்டியிருக்கிறது. அந்த ஒருவன் நான்தான். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் என்னைப் பொசுக்கியது.

அந்தப் பெண்ணுக்கு அழைத்துச் சொன்னேன். அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று பயந்து, என்னென்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, "இப்ப என்னண்ணே செய்றது?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மெயில் போட்டாச் சரியாயிரும். நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மெயில் போட்டேன். பதில் உடனே வந்தது. உங்கள் பொறுமைக்கு நன்றி என்று தொடங்கியது. என் பொறுமையை அவர்கள் எங்கே கண்டார்கள் என்று தெரியவில்லை. உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து நிபந்தனைகளின் ஒன்பதாம் பிரிவைப் பாருங்கள் என்று முடிந்தது. நான் மறுபடி எழுதினேன். மறுபடி பொறுமைக்கு நன்றி. அவருடைய அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினோம். கணக்கின் தொலைபேசி இலக்கத்துக்குச் சொந்தக்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில். நான் விண்ணப்பித்தேன். பதினொரு கணக்கு வைத்திருப்பவரின் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று பதில். ஒரு வாரம் இப்படியே போனது. அதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

என்னால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். ஒருவருக்கு அடையாள அட்டையின் முன்பக்கத்தை மட்டும் கொப்பி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். இன்னொருவருக்கு இரண்டு தடவை ரீலோட் போட்டேன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் பிசைந்துகொண்டே இருப்பேன். மனைவி பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு நீங்க ஒருநாளாவது வாசிச்சிருக்கீங்களா?"

"யாரு வாசிக்கிறா? உலகத்துல ஒருத்தனும் வாசிக்கிறதில்ல."

"ஒரு றாத்தல் பாண் வாங்கினா முன்னுக்குப் பின்னுக்குத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க. அடுத்தவங்க வாழ்க்கைக்கு மட்டும் பாக்காமயே டிக் போடுறீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே, அடுத்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறையில், கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, நிபந்தனைகள் முழுவதையும் தாளில் அச்சடித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் எனக்கு ஆங்கிலம் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணியிலிருந்து வாசித்தேன். அவ்வளவு நேரம் நான் ஒரே கதிரையில் உட்கார்ந்திருந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

வாசிக்க வாசிக்கப் பென்சில் கோடுகள் கூடிக்கொண்டே போயின. இந்த நிபந்தனைகளை எந்த நேரத்திலும் எங்கள் விருப்பப்படி மாற்றுவோம், மாற்றியதை நீங்கள் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், தளத்தைத் தொடர்ந்து பாவித்தால் நீங்கள் சம்மதித்ததாக அர்த்தம். பரீட்சை நேரத்தில் உங்கள் கமராவால் உங்களைப் படம் எடுப்போம், வைத்திருப்போம். எவ்வளவு காலத்துக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. பிணக்கு வந்தால் நீங்கள் வழக்குப் போட முடியாது. நான் கேள்விப்படாத ஒரு நகரத்தில் ஒரு நடுவர் முன்னால், தனியாகத்தான் வர வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து வரக் கூடாது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு வருவதற்கே அந்தப் பெண் இருட்டோடு எழும்ப வேண்டும்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒன்று இருந்தது. அதை நான்கு தடவை வாசித்தேன், பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று. நீங்கள் ஏற்றுகிற எழுத்து, குரல், படம் எல்லாவற்றையும் உலகம் முழுக்க, எக்காலமும், எந்தக் கொடுப்பனவும் இல்லாமல் நாங்கள் பாவிக்கலாம். உங்கள் கணக்கு மூடப்பட்டாலும் இந்த உரிமை தொடரும். அதாவது அவருடைய படிப்பு செல்லாது, பரீட்சை செல்லாது, சான்றிதழ் செல்லாது. கை கழுவுகிற பாட்டு மட்டும் செல்லும். அது அவர்களுக்கு. பென்சிலை வீசி எறிந்தேன். அது பிரிண்டருக்குப் பின்னால் விழுந்தது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் கோபப்பட்டு என்ன பயன்? ஒவ்வொரு பிரிவின் கடைசியிலும் 'நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள்' என்று இருந்தது. அந்த 'நீங்கள்' யார்? ஒப்புக்கொண்டது அவரல்ல. அவருக்கு அந்தப் பக்கத்தை நான் காட்டக்கூட இல்லை. ஆறு நிமிடத்தில் முடித்துக் கொடுத்த என் கெட்டித்தனம், அவரை அவருடைய படிப்பிலிருந்தே வெளியே நிறுத்திவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது. அதுவரைக்கும் இருந்தது வெறும் பதற்றம்.

அடுத்த நாள், பாவனையாளர் முறைப்பாடு எடுக்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மேசையில் வைத்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், சிங்களமும் தமிழும் கலந்து பேசினார்.

"மஹத்தயா, பில் இருக்கா? கடை எங்க இருக்கு?"

"கடை இல்ல சேர். இன்டர்நெட்டுல."

"கம்பனிக்கு லங்காவுல ஒப்பீஸ் இருக்கா?"

இல்லை. அவர் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார். பிறகு தாள்களைப் புரட்டி, "சரி, கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அப்ப முதல்ல நீங்க அவங்களுக்கு எழுதுங்க மஹத்தயா. செஞ்சத அப்படியே ஒத்துக்கிட்டு எழுதுங்க. மறைச்சு எழுதினா மெஷின்தான் பதில் சொல்லும்."

அவர் சொன்னபடியே, பதினொரு கணக்கையும் திறந்தது நான்தான் என்று அன்றைக்கே எழுதினேன். இந்தத் தடவை பொறுமைக்கு நன்றி இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மனிதர் எழுதியது மாதிரி ஒரு பதில் வந்தது. பாடத்தைப் படித்தது நீங்கள் அல்ல என்றும், தவறான விவரம் கொடுத்ததாகவும் உறுதிமொழி தர வேண்டும். படித்தவர் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எங்களுக்கு எழுத வேண்டும். பரீட்சைப் படங்களோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வோம். நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவரை உடனே வரச் சொன்னேன்.

அவர் வருவதற்குள் உறுதிமொழியை எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதில் கொஞ்சம் இரக்கம் வரட்டும் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தேன். இந்தப் பெண் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர், இவர்களுக்கு மின்னஞ்சல் கிடையாது, இணையம் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் உதவினேன் என்று. நல்லாய் எழுதிவிட்டேன் என்ற நினைப்பில், அவரை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அந்தப் பத்தியைச் சொல்லும்போது அவர் முகம் மாறியது.

"அந்த இடத்த வெட்டிருங்கண்ணே" என்றார்.

"ஏன் தங்கச்சி? அப்பதான் பாவம் பாப்பாங்க."

"எங்கிட்ட ஈமெயில் இருக்கு. அஞ்சு வருசமா இருக்கு."

கைபேசியைத் திறந்து காட்டினார். இருந்தது. தங்கையின் பள்ளிக்கூடத்துக் கடிதங்கள், ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சி அழைப்பு, பிள்ளைகளின் எடை அட்டவணையை மாதாமாதம் அவர் தோட்டத்து அலுவலகத்துக்கு அனுப்பிய மெயில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் அதை வாங்கி மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலயேண்ணே. நான் வாயத் தொறக்கிறதுக்கு முந்தியே ஒங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம், எல்லாம் நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல, எனக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றது? மரியாத இல்லாம இருக்கும்ல."

என் அம்மா தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்தவள். கண்டிக்கு வந்து மாநகரசபையில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள். தோட்டத்துக்காரி என்று யாராவது அவளை ஒரு மாதிரிப் பேசினால், சின்ன வயதில் கல்லெடுத்துக்கொண்டு ஓடியவன் நான். அதே நான், ஈரக் குடையோடு ஒரு பெண் வந்து நின்றதைப் பார்த்த நொடியில், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டியிருக்கிறேன். தளத்தின் இயந்திரம் என்னை ஒரு பார்வையில் ஏமாற்றுக்காரன் என்று தீர்மானித்ததற்கு அவ்வளவு குதித்தேனே, நான் செய்தது மட்டும் என்ன?

அந்தப் பத்தியை அழித்தேன். அவர் தன் கடிதத்தைத் தானே எழுதுவதாகச் சொன்னார். நான் எழுந்து என் கதிரையைக் கொடுத்தேன். சின்னச் சின்ன ஆங்கில வசனங்கள். நான்தான் படித்தேன். எட்டு மாதம் படித்தேன். என் முகத்தைப் பாருங்கள். என் பாட்டுகளைக் கேளுங்கள், அது என் குரல். நான் பின்னால் நின்று, இந்த இடத்தில் இப்படிப் போடலாம் என்று கையை நீட்டப் போய், நீட்டாமல் வாசலுக்குப் போய் நின்றேன். அவருடைய மின்னஞ்சலிலிருந்து அவரே அனுப்பினார்.

அதற்குப் பிறகு பட்ட அவஸ்தை முன்னையதைவிட மோசம். பதில் இனி என் பெட்டிக்கு வராது. எண் என் தொலைபேசிக்கு வராது. ஆனாலும் கை தன் பாட்டில் போய் மின்னஞ்சலைத் திறந்துகொண்டே இருந்தது. அவருக்கு அழைத்துக் கேட்கவும் மனம் கூசியது. வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. அன்றைக்குக் கடையைத் திறக்கவே முடியவில்லை. டவுனுக்குப் போய் வாவியைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. மீன்களுக்குப் பொரி போடுகிறவர்கள், படம் எடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள், காதல் ஜோடிகள் என்று எல்லாரும் நிதானமாக இருந்தார்கள். எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. சாயங்காலம் அவரே அழைத்தார்.

"சான்றிதழ் வரலண்ணே. மார்க்ஸ் வந்த பக்கத்த எல்லாம் போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அத காட்டினேன். நல்லாத்தான் பேசினாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரிஜினல் வேணுமாம்."

எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் சாமி கும்பிட்டேன், மனைவியோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன், லாச்சியிலிருந்த சீ.ஆர். கொப்பியை எடுத்து, அதில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் கணக்கை அவரவர் கைக்கு மாற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். பாதிப் பேர் சலித்துக்கொண்டார்கள். ஒருவர், "நீங்களே வச்சுக்கங்க, எனக்கெதுக்கு?" என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மலையிலிருந்து அழைப்பு வரவில்லை. நானும் அழைக்கவில்லை. அழைக்கத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவர் கடைக்குள் வந்தார். பைக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். சான்றிதழ். தளத்திலிருந்து இறக்கி, தோட்டத்து அலுவலகத்தில் நல்ல தாளில் அச்சடித்திருந்தார். அவருடைய முழுப்பெயர், எண்பத்தேழு, திறமைச் சித்தி.

"மூணு கொப்பி போட்டு, இத லெமினேட் பண்ணிக் குடுங்கண்ணே."

நான் துள்ளி எழுந்தேன். "வந்திருச்சா! எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம. அந்த வெள்ளிக்கு அடுத்த செவ்வா. அதுக்குள்ள வேற ஆளப் போட்டுட்டாங்க. டவுன்ல இருந்து ஒரு பிள்ள வந்திருக்கு." கதிரையில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். "நல்ல பிள்ளதான். ஆனா, அழுவுற கொழந்தைய எப்படித் தூக்குறதுன்னு தெரியல. நாந்தான் சொல்லிக் குடுக்கிறேன்."

"உங்களுக்கு?"

"நான் ஆயம்மாதான். அடுத்த எடம் எப்ப வருதோ, இருக்கட்டும்னுதான் இத லெமினேட் பண்றது."

நான்கு நாள். நான்கே நாள் வித்தியாசம். லெமினேட் இயந்திரத்தின் சூடு ஏறக் காத்திருந்தேன். சான்றிதழை உள்ளே கொடுத்தேன். அது மெதுவாக மறுபக்கம் வந்தது. இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். "என்னாலதான் தங்கச்சி. எல்லாம் என்னாலதான்."

இப்படிச் சொன்னால் எங்கள் பக்கம் யாரும் என்ன பதில் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஐயோ அப்படிச் சொல்லாதீங்க, நீங்க என்ன செய்வீங்க, எல்லாம் என் தலையெழுத்து. என் காது அந்தப் பதிலுக்குத் தயாராக இருந்தது. சொல்லப்போனால், அதைக் கேட்கத்தான் நான் மன்னிப்பே கேட்டேன்.

அவர் சூடாக இருந்த சான்றிதழின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றார்.

கோபமில்லை, அழுகையில்லை. எண் வந்திருச்சா என்று கேட்கிற அதே குரல்தான். சான்றிதழையும் கொப்பிகளையும் பொலித்தீன் பைக்குள் வைத்தார், அதை இன்னொரு பைக்குள் வைத்தார், மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனார்.